அகஸ்தீஸ்வரத்துக்காரர் மலையாள சினிமாவின் தந்தையானது எப்படி?

மலையாளத் திரையுலகுக்கு வாழ்நாள் முழுவதும் பங்களித்தவர்களுக்குக் கேரள அரசு வழங்கும் மிக உயர்ந்த விருதின் பெயர் ஜே.சி.டேனியல் விருது. 1992ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இவ்விருதை முதலில் பெற்றவர் தயாரிப்பாளர் டி.இ.வாசுதேவன். பின்னாளில் எம்.டி.வாசுதேவன் நாயர், கே.ஜி.ஜார்ஜ், அடூர் கோபாலகிருஷ்ணன், நடிகை ஷீலா போன்றோர் இதைப் பெற்றிருக்கிறார்கள். விருதுச் செய்தி வரும்தோறும் குமரி மாவட்டத்து வாசகர்களுக்குச் சில கேள்விகள் எழுவது இயல்பு. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்து அகஸ்தீஸ்வரத்திலேயே இறந்த ஒருவர் எப்படி மலையாள சினிமாவின் தந்தை ஆனார்? அவர் எடுத்தது மௌனப் படம் என்றால் அதை மலையாளப் படம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இன்று அவர் பெயரில் விருது கொடுக்கும் அரசு, அவர் உயிரோடு இருந்தபோது ஓய்வூதியம் தர மறுத்தது உண்மையா?

மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் விடை தெளியும்.

எல்லைக்கோடு இடம் மாறிய கதை

அகஸ்தீஸ்வரம் என்ற பெயர் குமரி மாவட்டத்தில் இரண்டைக் குறிக்கும். ஒன்று வட்டம், அதன் தலைமையிடம் நாகர்கோவில். மற்றொன்று அந்த வட்டத்துக்குப் பெயர் கொடுத்த, கன்னியாகுமரிக்கு அருகில் இருக்கும் ஊர். ஜோசப் செல்லையா டேனியலின் ஊர் இந்த இரண்டாவது அகஸ்தீஸ்வரம். நாடார் கிறித்தவக் குடும்பம்; வசதிக்குக் குறைவில்லை. பிறந்த நாளாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது 1900 நவம்பர் 28.

அவர் பிறந்தபோது இந்த ஊர் சென்னை மாகாணத்தில் இல்லை. இங்கே மூன்று செய்திகளை வரிசையாக மனத்தில் கொள்ள வேண்டும்.

1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதி. சமஸ்தானத்தின் தலைநகரே ஒரு காலத்தில் கல்குளம் வட்டத்துப் பத்மநாபபுரம்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அது திருவனந்தபுரத்துக்கு மாறியது.

2. ஆகவே தென் திருவிதாங்கூரில் வீட்டிலும் சந்தையிலும் தமிழ் பேசிய ஒருவருக்குக் கல்லூரி, நீதிமன்றம், அரசு வேலை எல்லாமே திருவனந்தபுரம். டேனியல் பட்டப்படிப்புக்கு அங்கே போனது வேற்று மாநிலத்துக்குப் போனதாகாது. தம் நாட்டின் தலைநகருக்குப் போனதுதான்.

3. மொழிவாரி மாநிலப் பிரிவினைக்கான கோரிக்கை வலுத்தபோது, நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இந்த வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று நான்கு வட்டங்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு இணைந்தன.

டேனியல் படம் எடுத்த ஆண்டுக்கும் இந்த இணைப்புக்கும் நடுவே ஏறக்குறைய கால் நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. படம் எடுத்தபோது அவர் திருவிதாங்கூர்க் குடிமகன். முதுமையில் தமிழ்நாட்டு வாசி. இந்த ஒரு மாற்றத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் அவருடைய வாழ்க்கையில் எதுவும் விளங்காது. விருதும் ஓய்வூதிய மறுப்பும் ஒரே எல்லைக்கோட்டின் இரண்டு பக்கங்களில் நடந்தவை.

மௌனப் படத்துக்கு மொழி எது?

மௌனப் படம் என்பது படச்சுருளில் ஒலி பதியப்படாத படம். அந்தக் காலத்தில் அதை ஊமைப் படம் என்றும் சொல்வார்கள். நடிகர்களின் வாய் அசையும், சொல் கேட்காது. காட்சிகளுக்கு நடுவே எழுத்துகள் கொண்ட அட்டைகள் தோன்றிக் கதையை நகர்த்தும். படிக்கத் தெரியாதவர்களே பெரும்பான்மையாக இருந்ததால், திரைக்கு அருகில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வதும் உண்டு. இசைக்கருவிகளும் அரங்கிலேயே வாசிக்கப்படும்.

எழுத்து அட்டையை மாற்றினால் அதே படம் வேறு மொழிப் படமாகிவிடும். அப்படியானால் மௌனப் படத்துக்கு மொழி அடையாளம் கொடுப்பது பொருளற்றது என்று வாதிடலாம். ஆனால் திரை வரலாறு எழுதுகிறவர்கள் கதை எந்த மண்ணில் நிகழ்கிறது, படம் எங்கே எடுக்கப்பட்டது, எந்த மக்களை முன்வைத்து எடுக்கப்பட்டது என்பவற்றை அளவுகோலாகக் கொள்கிறார்கள். சென்னையில் ஆர்.நடராஜ முதலியார் எடுத்த கீசகவதம் தமிழின் முதல் படம் என்று நாம் சொல்வது இந்த அளவுகோலின்படிதான். அதுவும் பேசாத படமே. அந்தச் சலுகையைத் தமிழுக்கு எடுத்துக்கொள்கிற நாம் மலையாளத்துக்கு மறுக்க முடியாது.

டேனியலின் படம் ‘விகதகுமாரன்’. காணாமல் போன பிள்ளை என்பது அந்தச் சொல்லின் பொருள். திருவிதாங்கூரில் வசதியான வீட்டுப் பிள்ளை சந்திரகுமாரனைப் பூதநாதன் என்ற வில்லன் இலங்கைக்குக் கடத்திப் போகிறான். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வளரும் பிள்ளை, தோட்டத்து வெள்ளைக்காரரின் நம்பிக்கையைப் பெற்று மேற்பார்வையாளர் ஆகிறான். அவனைத் தேடாமலேயே அவனைச் சந்திக்கிறான் ஜெயச்சந்திரன் என்ற உறவினன். இருவரும் திருவனந்தபுரம் திரும்புகிறார்கள். ஜெயச்சந்திரன் காதலிக்கும் சரோஜினி, சந்திரகுமாரனின் தங்கை என்பது உடலில் உள்ள தழும்பின் வழியே தெரிகிறது. குடும்பம் கூடுகிறது.

பிரிந்தவர் கூடும் இந்தக் கதையமைப்பு நமக்குப் பழகியதுதான். ஆனால் அன்றைய நிலையில் ஒரு வேறுபாடு முக்கியமானது. இந்தியப் படங்களில் பெரும்பாலானவை புராணக் கதைகளாக இருந்த காலம் அது. கீசகவதமும் பாரதக் கதைதான். டேனியல் தம் முதல் படத்திலேயே சமகாலக் குடும்பக் கதையை எடுத்தார். இந்தத் தேர்வு எவ்வளவு ஆபத்தானது என்பது திரையிட்ட நாளில்தான் தெரிந்தது.

அன்று சுயாதீனம் என்பதன் பொருள்

சுயாதீனத் திரைப்படக்காரர் என்று இன்று நாம் குறிப்பிடுவது பெரிய தயாரிப்பு நிறுவனத்தின் பணமும் விநியோக வலையும் இல்லாமல் படம் எடுப்பவரை. ஒதுங்கி நிற்பதற்கு ஒரு தொழில் ஏற்கெனவே இருக்க வேண்டும். டேனியலுக்கு அந்த வசதியும் இல்லை. திருவிதாங்கூரில் படத்தொழிலே அப்போது கிடையாது. ஒதுங்குவதற்கு முன்னால் அவரே அதை உண்டாக்க வேண்டியிருந்தது.

அவருக்குச் சினிமாவைவிட முன்னதாக வந்தது போர்க்கலை. குமரி மாவட்டத்தில் அடிமுறை என்று வழங்கும், ஆசான்களிடம் கற்கும் கலையில் அவருக்கு ஈடுபாடு மிகுதி. இந்திய வாட்போர்க் கலை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டவர். இந்தக் கலையை மக்களிடம் கொண்டுசெல்லச் சினிமா ஏற்ற ஊடகம் என்ற எண்ணமே அவரைப் படத்தின் பக்கம் திருப்பியது.

தொழில் கற்க முதலில் சென்னைக்குப் போனார். எதிர்பார்த்த உதவி கிடைக்கவில்லை. பிறகு பம்பாய்க்குப் போய், மாணவர்களுக்குச் சினிமாவைப் பற்றிப் பாடம் நடத்த விரும்பும் ஆசிரியர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு ஸ்டுடியோக்களுக்குள் நுழைந்து வேலையைப் பார்த்துக் கற்றார் என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. இது சுவையான கதை என்பதற்காக மட்டும் நினைவில் கொள்ள வேண்டியதில்லை. திரைப்படம் கற்பிக்கும் கல்லூரி எதுவும் இல்லாத காலத்தில், போட்டியாளராக வரக்கூடிய ஒருவருக்குத் தொழில் ரகசியத்தை யாரும் காட்டமாட்டார்கள் என்ற நடைமுறையை அது தெரிவிக்கிறது.

1926இல் அவர் தொடங்கிய திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ், திருவனந்தபுரத்தில் பட்டம் என்ற பகுதியில் இயங்கியது. இன்றைய கேரள எல்லைக்குள் அமைந்த முதல் படப்பிடிப்பு நிலையம் அதுவே. அதற்கான முதலுக்கு அகஸ்தீஸ்வரத்தில் தம் பெயரில் இருந்த நிலத்தை விற்றார். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதன் எடையை விளக்க வேண்டியதில்லை. நிலத்தை விற்று நிலம் வாங்குவது இங்கே உண்டு. நிலத்தை விற்று மகளுக்குக் கல்யாணம் செய்வதும் உண்டு. நிலத்தை விற்றுப் படம் எடுப்பது அதற்கு முன் கேட்டறியாத காரியம்.

பணம் எங்கே போயிருக்கும் என்பதைப் புரிந்துகொள்ளச் சுருளின் கணக்கைப் பார்க்கலாம். 35 மில்லிமீட்டர் அகலச் சுருளில் ஓர் அடிக்கு 16 படச்சட்டங்கள். மௌனப் படக் கேமராவைக் கையால் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டங்கள் பதிவார்கள். அதாவது ஒரு நொடிக்கு ஓர் அடி சுருள் தீரும். 1000 அடிச் சுருள் சுமார் 17 நிமிடம்தான் வரும். எடுத்த காட்சி சரியில்லை என்றால் மீண்டும் அவ்வளவு அடி வேண்டும். இந்தச் சுருள் அனைத்தும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இந்தியாவில் படச்சுருள் தயாரித்த ஊட்டித் தொழிற்சாலை 1960களில்தான் வந்தது. கேமராவும் கழுவும் ரசாயனமும் அப்படியே. ஆக, செலவு முழுவதும் முன்கூட்டியே வெளிநாட்டுச் சரக்குக்குப் போய்விடும். வரவு கடைசிப் படியில், அரங்கு வாசலில் விற்கும் சீட்டில் மட்டுமே தொடங்கும்.

ஆள் செலவைக் குறைக்க டேனியல் கண்ட வழி, பெரும்பாலான வேலைகளைத் தாமே செய்வது. கதை, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு அனைத்தும் அவரே. ஜெயச்சந்திரனாக நடித்தவரும் அவரே. சிறுவயதுச் சந்திரகுமாரனாக அவருடைய மகன் நடித்தார். வில்லனாக நடித்த ஜான்சன், பின்னாளில் தமிழ்ப் படங்களில் புகழ்பெற்ற நடிகை பி.எஸ்.சரோஜாவின் தந்தை.

கதாநாயகிதான் கிடைக்கவில்லை. நாடகத்தில் பெண் வேடத்தை ஆண்களே போட்ட காலத்தில், கேமரா முன் நிற்க எந்தக் குடும்பமும் பெண்ணை அனுப்பாது. கடைசியில் சரோஜினி வேடத்துக்கு வந்தவர் பி.கே.ரோஸி. திருவனந்தபுரத்தைச் சேர்ந்தவர், புலையர் சமூகத்தில் பிறந்தவர், காக்காரிசி நாடகம் என்ற நாட்டுப்புறக் கூத்தில் நடித்துப் பழகியவர். மலையாளத் திரையின் முதல் கதாநாயகி அவர்.

கேப்பிட்டல் அரங்கில் என்ன நடந்தது?

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் முதலில் திரையிடப்பட்டது. தொடங்கி வைத்தவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. ஒரு தலித் பெண் நாயர் குலப் பெண்ணாக நடித்திருக்கிறாள் என்பது உயர்சாதி ஆண்களைச் சினமூட்டியது. ரோஸி இருந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று பெரிய மனிதர்கள் சொன்னதால், தாம் நடித்த படத்தின் முதல் காட்சியைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. திரையின் மீது கல்லெறிந்தார்கள். ரோஸியின் குடிசையும் தாக்குதலுக்குள்ளாகி எரிக்கப்பட்டது. அவர் திருவனந்தபுரத்தை விட்டு ஓடித் தப்பினார். ஒரு லாரி ஓட்டுநரை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில், திரையைப் பற்றி வெளியே பேசாமல், நாகர்கோவிலில் வாழ்ந்து மறைந்தார்.

இந்த நிகழ்ச்சியைச் சாதிவெறி என்ற ஒரு சொல்லில் சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. அந்த வெறி ஏன் குறிப்பாக ஒரு திரைப்படத்தின் மீது இவ்வளவு மூர்க்கமாகப் பாய்ந்தது என்பதற்குத் திருவிதாங்கூரின் வரலாற்றில் விடை இருக்கிறது. இந்த நாட்டில் உடை என்பது சட்டத்தின் விஷயமாக இருந்தது. யார் மார்பை மூடலாம், எந்த வகைத் துணியால் மூடலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. டேனியல் பிறந்த சமூகத்தின் பாட்டிமார் தோள்சீலைக்காக 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதி முழுவதும் அடிபட்டார்கள்; 1859இல்தான் அரசாணை வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்ற தடை இருந்தது. அகஸ்தீஸ்வரத்திலிருந்து அதிகத் தூரமில்லாத சுசீந்திரத்தில், தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926இல் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. எல்லோருக்கும் கோயில் நுழைவுரிமை அளித்த அரசுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12 அன்று.

இந்தப் பின்னணியில் ரோஸியின் திரைத்தோற்றத்தைப் பொருத்திப் பாருங்கள். புராணப் படத்தில் ஒருவர் திரௌபதியாக வந்தால் மகுடமும் நகையும் அவரை மறைத்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வேறு யுகம். சமகாலக் கதையில் அந்தத் திரை இல்லை. நாயர் வீட்டு உடையில், நாயர் வீட்டு முற்றத்தில், ஒரு புலையர் பெண் நிற்கிறார். அரங்கில் அமர்ந்திருப்பவரின் வீட்டில் அன்று காலை அணிந்த அதே உடை. தெருவில் நடந்தால் தண்டிக்கக்கூடிய ஒன்றைத் திரை பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. டேனியல் சமூகக் கதையைத் தேர்ந்தெடுத்தபோது இதை முன்கூட்டி எண்ணினாரா என்பது வேறு விஷயம். தேர்வின் விளைவு இதுதான்.

இனி, ஓர் அரங்கில் நடந்த கலவரம் ஒரு நிறுவனத்தையே எப்படி மூடவைத்தது என்ற கேள்வி. கலவரத்துக்குப் பிறகும் ஓடிய படங்கள் உண்டு. எனவே அதை மட்டும் காரணமாகக் காட்டினால் விளக்கம் குறைபட்டதாகவே இருக்கும்.

முதலாவது, விநியோகஸ்தர் இல்லை. விநியோகஸ்தர் என்பவர் தயாரிப்பாளருக்கும் அரங்குக்கும் நடுவே நின்று, முன்பணம் கொடுத்து, ஊர் ஊராகப் படத்தை அனுப்புபவர். ஓர் ஊரில் விழுந்த அடியை மற்றோர் ஊர் தாங்கும் ஏற்பாடு அவரால் உண்டாகும். டேனியலோ படப்பெட்டியைத் தாமே சுமந்துகொண்டு அரங்குக்குப் போக வேண்டியிருந்தது. ஆலப்புழைக்கு அப்படித்தான் போனார். கூட ஓர் ஆளை அனுப்பினால் அந்தச் செலவும் சேருமே.

இரண்டாவது, இருந்த சில அரங்குகளும் பெரும்பாலும் வெளிநாட்டுப் படங்களால் நிரம்பியிருந்தன. பிரிட்டிஷ் இந்தியாவில் திரைத்தொழிலை ஆராய டி.ரங்காச்சாரி தலைமையில் 1927இல் அமைக்கப்பட்ட குழு கண்டதும் இந்த நிலையைத்தான். உள்ளூர்ப் படத்துக்குக் காத்திருந்து இடம் கொடுக்க அரங்குக்காரருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

மூன்றாவது, தலைநகரில் கெட்ட பெயர் வாங்கிய படத்துக்கு மற்ற ஊர்களில் வரவேற்பு இருந்தும் அந்த வரவேற்பு பணமாக மாறும் அளவுக்கு ஊர்கள் இல்லை. ஆலப்புழை அன்று பெரிய துறைமுகப் பட்டினம்; பல ஊர்க்காரர்கள் புழங்கிய இடம். அங்கே ஸ்டார் அரங்கில் படம் நன்றாகவே ஏற்கப்பட்டது. நடுவில் திரை மங்கியபோது கூட்டம் கூச்சலிட்டதாகவும், இது முதல் மலையாளப் படம், சிறு குறைகள் இருக்கும் என்று அறிவிப்பாளர் சொன்னதும் கைதட்டியதாகவும் ஒரு செய்தி உண்டு. கொல்லம், திருச்சூர், தலச்சேரி, நாகர்கோவில் ஆகிய ஊர்களிலும் படம் காட்டப்பட்டது. அத்தோடு சரி.

ஆலப்புழைக் கைதட்டலை நான் முக்கியமாகக் கருதுகிறேன். படம் தரமற்றது, அதனால் தோற்றது என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாமல் அது குறுக்கே நிற்கிறது. அதே கைதட்டல், சாதி எதிர்ப்பு மட்டுமே படத்தைக் கொன்றது என்ற எதிர்ப்பக்க எளிமையையும் அனுமதிப்பதில்லை. திருவனந்தபுரத்தில் விழுந்த கல் ஒரு காசுக்கணக்கின் மீது விழுந்தது. அந்தக் கணக்கில் அடியைத் தாங்கும் இடைவெளி ஏற்கெனவே இல்லை.

1928ஆ, 1930ஆ?

பழைய நூல்களிலும் பல கட்டுரைகளிலும் படம் வெளியான நாள் 1928 நவம்பர் 7 என்று இருக்கும். பின்னர் வந்த ஆய்வாளர்கள் 1930 அக்டோபர் 23 என்கிறார்கள். இரண்டு தேதிகளும் இணையத்தில் கலந்து கிடப்பதால் வாசகர்கள் குழம்புகிறார்கள்.

எதுவானாலும் முதல் மலையாளப் படம் என்ற நிலை மாறாது. அடுத்த படம் 1933இல்தான் வருகிறது. ஆனால் வணிகத்தைப் பொறுத்தவரை இரண்டு ஆண்டு வித்தியாசம் பெரியது. இந்தியாவின் முதல் பேசும் படம் ஆலம் ஆரா 1931 மார்ச் 14 அன்றும், தமிழ் பேசிய காளிதாஸ் அதே ஆண்டு அக்டோபர் 31 அன்றும் வெளியாயின. 1930 அக்டோபர் என்பது சரியானால், டேனியலின் மௌனப் படத்துக்குக் கிடைத்த காலம் சில மாதங்களே. திரை பேசத் தொடங்கிய பின் ஊமைப் படத்துக்கு யார் சீட்டு வாங்குவார்கள்?

பல் வைத்தியரின் நாற்பது ஆண்டுகள்

கடன் நெருக்கியதால் கருவிகளை விற்று நிலையத்தை மூடினார். 1931இல் அடிமுறை பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். சினிமாவுக்குள் அவரை அழைத்து வந்த கலைக்கே கடைசியில் திரும்பினார் என்று சொல்லலாம். அதன்பின் அவர் பெயரில் வேறு படம் இல்லை.

எஞ்சிய வாழ்க்கையில் அவர் பல் வைத்தியர். தமிழகத்தின் தென் ஊர்களில் தொழில் செய்து, முதுமையில் அகஸ்தீஸ்வரத்துக்குத் திரும்பினார். அந்த ஆண்டுகளில் மலையாளத் திரையுலகம் வளர்ந்து கிளைவிட்டது. அதன் வரலாறு எழுதியவர்கள் பலர் 1938இல் வந்த முதல் பேசும் படமான பாலனிலிருந்தே கணக்கைத் தொடங்கினார்கள். இந்த மறதியைக் கலைத்தவர் பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன். டேனியலின் வாழ்க்கையைத் தேடித் தொகுத்து, முதல் படம் இவருடையது என்று விடாமல் எழுதினார். டேனியல் 1975 ஏப்ரல் 27 அன்று அகஸ்தீஸ்வரத்தில் காலமானார்.

ஓய்வூதியம் ஏன் மறுக்கப்பட்டது?

நலிந்த கலைஞர்களுக்குக் கேரள அரசு ஓய்வூதியம் வழங்கிவந்தது. டேனியலுக்காகக் கேட்டபோது, அவர் பிறந்ததும் வசிப்பதும் கன்னியாகுமரி மாவட்டம், அது தமிழ்நாட்டில் இருக்கிறது, எனவே அந்த மாநில அரசுதான் கவனிக்க வேண்டும் என்பதே பதிலாக வந்தது.

நிர்வாகத்தின் பார்வையில் இது விதிப்படியான பதில். ஓய்வூதியம் என்பது ஓர் அரசு தன் எல்லைக்குள் வாழ்பவருக்குச் செய்யும் உதவி. ஆனால் இந்தப் பதிலுக்குள் மூன்று முரண்கள் ஒளிந்திருக்கின்றன.

1. கலைஞர் என்ற தகுதி அவர் செய்த வேலையால் வருவது. வேலை நடந்தது திருவனந்தபுரத்தில், இன்றைய கேரளத்துக்குள். வசிப்பிடம் மட்டும் 1956இல் எல்லைக்கு வெளியே போனது. அதுவும் அவர் நகர்ந்ததால் நேர்ந்ததன்று.

2. தமிழ்நாட்டுக்கு அவர் தமிழ்ப் படம் எடுத்தவர் அல்லர். எனவே இந்தப் பக்கத்தில் அவருக்குத் திரைக் கலைஞர் என்ற கணக்கே இல்லை. இரண்டு மாநிலங்களின் விதிகளும் சரியாகவே இருந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதர் விழுந்துபோகும் இடைவெளி இதுதான்.

3. பிறப்பிடத்தையும் இருப்பிடத்தையும் அளவுகோலாகக் கொண்டால், முதல் மலையாளப் பேசும் படம் என்று கொண்டாடப்பட்ட பாலனின் கதி என்ன? அதைத் தயாரித்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம். இயக்கிய எஸ்.நொட்டாணியும் மலையாளி அல்லர். ஆனாலும் அது மலையாளப் படம்தான் என்பதில் யாரும் ஐயம் எழுப்பவில்லை. படத்துக்கு ஓர் அளவுகோல், படம் எடுத்தவருக்கு வேறோர் அளவுகோல் என்று ஆனது.

1992இல் அவர் பெயரில் விருது நிறுவப்பட்டபோது முதலாவது அளவுகோல் அவருக்கும் பொருத்தப்பட்டது. அதற்குள் அவர் இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2013இல் இயக்குநர் கமல் எடுத்த செல்லுலாயிட் என்ற படத்தின் வழியே டேனியலின் பெயர் தமிழ்நாட்டிலும் பலருக்குத் தெரியவந்தது. ரோஸிக்கு இன்னும் தாமதம். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவருடைய உருவத்தை வரைந்து வைத்தபோது, நாகர்கோவிலில் வாழ்ந்த ஒருவர் அவர் என்பதைப் பல நாகர்கோவில்காரர்கள் முதன்முறையாக அறிந்தார்கள்.

படம் இன்று எங்கே?

விகதகுமாரனின் பிரதி எதுவும் இன்று இல்லை. இதற்கும் ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. அக்காலச் சுருளின் அடித்தளம் செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பொருள். அது எளிதில் பற்றி எரியும். எரிக்காமல் வைத்திருந்தாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் பொடியாகும். கடற்கரைக் காற்றுள்ள ஓர் ஊரில், குளிர்பதன வசதியில்லாத வீட்டில் அது பிழைக்க வழியில்லை. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் மிகச் சிறு பகுதிதான் எஞ்சியிருக்கிறது. டேனியலின் வீட்டில் இருந்த சுருளுக்கு அந்த மெதுவான அழிவும் நேரவில்லை. சிறுவனாக இருந்தபோது தாமே விளையாட்டாக அதை எரித்துவிட்டதாக அவருடைய இளைய மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நைட்ரேட் சுருள் எரியும்போது எழும் சுடர் ஒரு குழந்தையை ஈர்க்காமல் இருக்காது.

அடுத்து வந்த மலையாள மௌனப் படத்தின் கதை இதற்கு நேர்மாறானது. 1933இல் வெளியான மார்த்தாண்ட வர்மாவைத் தயாரித்தவர் ஆர்.சுந்தர்ராஜ்; டேனியலின் உறவினர்; அவருடைய நிறுவனம் நாகர்கோவிலைச் சேர்ந்தது. மலையாளத்தின் இரண்டு மௌனப் படங்களும் குமரி மாவட்டத்துக்காரர்களின் கைப்பணத்தில் பிறந்தவை என்பதை இங்கேயே பலர் அறிவதில்லை. சி.வி.ராமன் பிள்ளையின் நாவலை அடிப்படையாகக் கொண்டு பி.வி.ராவ் அதை இயக்கினார். நாவலின் உரிமை தம்மிடம் இருப்பதாகப் பதிப்பாளரான கமலாலயம் புத்தகக் கிடங்கு வழக்குத் தொடுத்ததால், சில நாட்களிலேயே படத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. சுந்தர்ராஜும் நட்டப்பட்டார். ஆனால் வழக்கின் விளைவாகப் படப்பெட்டி பதிப்பாளரின் கைக்குப் போய், ஓடாமல், தேயாமல், யாரும் தொடாமல் கிடந்தது. 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை எடுத்துக்கொண்டது. டேனியல் அப்போது அகஸ்தீஸ்வரத்தில் உயிரோடு இருந்தார்.